விமானி ஆகணும்னு மகள் கேட்டால்
(ஸ்ரீபெரும்புதூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

பிளஸ் டூ முடிச்சா ஒரகடம் கம்பெனி பஸ்தான்னு இருக்கோம். பக்கத்துலயே தாம்பரம் விமானப்படைத் தளம் இருக்கு! 2016-ல் மூன்று பெண்கள் போர் விமானிகளானார்கள்.

விமானி ஆக பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் கட்டாயம். என்.டி.ஏ. தேர்வுக்குப் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் சி.பி.எஸ்.எஸ். எனும் விமானி திறன் தேர்வு வாழ்நாளில் ஒரே முறைதான். தவறினால் தரைப்பணிப் பிரிவுகள் மட்டுமே.

கண், கை, கால் சேர்ந்து இயங்குதா, மீட்டர் முள்ளைச் சட்டுனு படிக்கிறாளான்னு கம்ப்யூட்டரில் பார்ப்பாங்க. மனப்பாடம் உதவாது. "பாஸ் பண்ண வைக்கிறோம்"னு எவராவது கேட்டால், குழுக்கடன் எடுத்துக் கொடுக்காதீங்க. மைசூர் தேர்வு மையத்துக்கு ரயில் ஏறும் வாரம் நைட் ஷிப்ட் வேண்டாம், தூங்கட்டும்.