இருளில் நாம் கண்ட வானம்

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



நான் ஒரு வைத்தியர் என்பதால், நீரிழிவு பற்றியும் உயர் குருதியமுக்கம் பற்றியும் பேசுவேன் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றை மதிய உணவுக்குப் பின்னர் தனித்தனியே கேளுங்கள், சொல்கிறேன். பாயாசம் குடித்த பிறகு கேட்பதுதான் பொருத்தமும் கூட. இந்த மேடையில் நான் பேச விரும்புவது இரவு வானத்தைப் பற்றியும், அந்த வானத்தின் கீழ் வாழும் நமக்குத் தெரியாத மனிதர்களைப் பற்றியும்.

1990ஆம் ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. என் வகுப்புத் தோழிகளில் பெரும்பாலானோர் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அந்த விளக்கையும் நெடுநேரம் எரிக்க முடியாது. விளக்கை நூர்த்துவிட்டு முற்றத்துக்கு வந்தால் வானம் முழுவதும் நட்சத்திரம். அமாவாசை இரவுகளில் பால்வீதி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தெரியும். பெரிய நகரங்களில் வாழும் இன்றைய பிள்ளைகள் படத்தில் மட்டும் காணும் வானம் அது.

அந்த நாட்களை அழகானவையென்று நான் சொல்லவில்லை. அதே வானத்தில் விமானத்தின் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடினோம். மேலே பார்ப்பதென்றாலே முதலில் வந்தது பயம். அப்படிப்பட்ட எங்களுக்குத்தான் எமது விஞ்ஞான ஆசிரியை கார்த்திகையையும், அதன் பின்னே எழும் உரோகிணியையும், மிருகசீரிடத்தையும், சிவந்து மின்னும் திருவாதிரையையும் காட்டித் தந்தார். அதுவரை எங்களுக்கு அவை பஞ்சாங்கத்தில் இருந்த பெயர்கள். தன் பிறந்த நட்சத்திரத்தை முதன்முதலில் வானத்தில் கண்ட ஒரு தோழி, “இது உண்மையாகவே இருக்குதா, ரீச்சர்?” என்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கார்த்திகைக் கூட்டம் நம்மிடமிருந்து ஏறத்தாழ 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்றிரவு நம் கண்ணை வந்தடையும் அதன் ஒளி, யாழ்ப்பாண இராச்சியம் இன்னும் வீழாதிருந்த காலத்தில் புறப்பட்டது. அந்த ஒளி வந்துகொண்டிருக்கும் காலத்துக்குள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று ஆட்சிகள் வந்து போயின. நமது கல்லூரியின் நூறு ஆண்டுகள் அந்தப் பயணத்தில் கால்வாசியிலும் குறைவு.

1996 மார்ச் மாதம் தென்மராட்சியில் இடம்பெயர்ந்து இருந்தோம். ஒரு வீட்டில் ஏழெட்டுக் குடும்பங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி இயக்கிய வானொலியில்தான் ஹயகுட்டாகே என்ற வால்வெள்ளி பற்றிக் கேள்விப்பட்டோம். அதை அவ்வாண்டு சனவரி மாதக் கடைசியில்தான் யப்பானியர் ஒருவர் பெரிய இருகண் தொலைகாட்டி ஒன்றின் மூலம் முதலில் கண்டிருந்தார். அவர் தன் விருப்பத்துக்காக வானம் பார்த்தவர். அவர் பெயரே வால்வெள்ளிக்கும் ஆயிற்று. மார்ச் 25ஆம் திகதியளவில் அது பூமியை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கிலோமீற்றர் தூரத்தில் கடந்து சென்றது. வளவில் நின்று வடக்கே பார்த்தோம். எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் குளிரில் நின்று வானத்தைத் துழாவியதால், வீடிழந்து நின்ற எங்களுக்கு அன்றிரவு பார்க்க ஒன்று கிடைத்தது. நமக்குத் தெரியாத ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததன் பயன் நம்மை வந்தடையும் என்பதை அதன் பின்னர் என் தொழிலில் பலமுறை கண்டிருக்கிறேன். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வானத்திலேயே நடந்தது. 1957–58 காலப்பகுதியில் 60க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்து சர்வதேச புவிப்பௌதிக ஆண்டு என்ற பெரும் ஆய்வுத் திட்டத்தை நடத்தின. முதலாவது செயற்கைக்கோளான ஸ்புட்னிக் அந்த ஆண்டில்தான் ஏவப்பட்டது. உலகம் முழுவதும் அதை அண்ணாந்து பார்த்தது. அதே திட்டத்துக்காக அந்தாட்டிக்காவில் ஹலி என்ற இடத்தில் ஒரு பிரித்தானிய ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டதை அநேகர் கவனிக்கவில்லை. அங்கிருந்தவர்கள் தலைக்கு மேலுள்ள ஓசோனின் அளவை ஒரு கருவியால் அளந்து குறித்தார்கள். புவிப்பௌதிக ஆண்டு முடிந்த பின்னரும் அளப்பதை நிறுத்தவில்லை. ஆண்டுகள் போகப்போக, இந்த எண்களால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வியும் எழுந்தது. ஆனாலும் அளந்தார்கள்.

1985இல் ஜோ பார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்லின் ஆகிய மூவரும் அந்தக் குறிப்புகளை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஹலிக்கு மேலிருந்த ஓசோன் படை, முன்னைய காலத்தின் மூன்றில் இரண்டு பங்காகத் தேய்ந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்களே காரணமென்பது தொடர்ந்து வந்த ஆய்வுகளில் உறுதியாயிற்று. 1987 செப்டெம்பர் 16ஆம் திகதி மொன்றியல் உடன்படிக்கை உருவானது. 2009க்குள் ஐக்கிய நாடுகள் சபையின் அத்தனை உறுப்பு நாடுகளும் அதை ஏற்றுக்கொண்டன. ஆஸ்துமா நோயாளருக்கு நான் எழுதிக்கொடுக்கும் உறிஞ்சியில் கூட இப்போது அந்தப் பழைய வாயு இல்லை. இந்த உடன்படிக்கை தொடர்ந்து மதிக்கப்பட்டால், அந்தாட்டிக்காவுக்கு மேலுள்ள ஓசோன் 2066ஆம் ஆண்டளவில் 1980இல் இருந்த நிலைக்குத் திரும்பும் என விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் ஆறாம் ஆண்டுத் தங்கைமார் தங்கள் ஐம்பதுகளில் அதைக் காண்பார்கள். முதல் அளவீட்டை எடுத்தவர்கள் காணப்போவதில்லை.

இரண்டாவது, நம் மண்ணில் நடந்தது. 1934–35இல் இலங்கையில் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. பின்னர் வீடு வீடாக டீடீரி விசிறி, குருதி சோதித்து, 1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அத்தோடு விசிறுவது நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. நோய் திரும்பி வந்தது. 1960களின் கடைசியில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல். 17 என்ற எண்ணைக் கண்டு, வேலை முடிந்ததென்று நினைத்த நாடு கொடுத்த விலை அது. சமுதாய மருத்துவம் கற்க வரும் ஒவ்வொரு மாணவருக்கும் நான் முதலில் சொல்லும் கதையும் அதுதான்.

யுத்தம் உச்சத்தில் இருந்த 1999இல் கூட நாட்டில் 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலேரியா நோயாளர் இருந்தார்கள். அவர்களில் பெருந்தொகையினர் வடக்குக் கிழக்கைச் சேர்ந்தவர்கள். அந்த ஆண்டுகளில் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள் காவலரண்களைக் கடந்து நுளம்புவலைகளையும் மருந்தையும் கொண்டுசென்றார்கள். எதனிலும் உடன்படாத இரு தரப்பும் இந்த வேலைக்கு வழிவிட்டன. குருதித்துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் மணிக்கணக்காகப் பார்த்த அந்த ஊழியர்களுக்கு எந்தச் சந்தியிலும் சிலை இல்லை. 2012 ஒக்டோபருக்குப் பின்னர் இந்நாட்டுக்குள் தொற்றி வந்த மலேரியா பதிவாகாத நிலையில், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

இந்த இடத்தில், வெளிநாட்டுக் கிளைகளின் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியை மறைக்காமல் சொல்லவேண்டும். “எங்கட சனத்தின்ர பிரச்சினையே இன்னும் தீரேல்லை. அதுக்குள்ள நீங்கள் ஓசோன், ஆபிரிக்கா எண்டு கதைக்கிறியள். நாங்கள் அழுதபோது உலகம் எங்களைப் பார்த்ததா?” இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். பிள்ளையைத் தேடித் தெருவில் நிற்கும் தாய்மார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உலகம் பார்த்திருக்கவேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை என்ற வலி நியாயமானது. அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஆனால் ஒரு வைத்தியராக நான் கண்டதையும் சொல்லவேண்டும். வன்னியில் பிள்ளைகள் படுத்துறங்கிய நுளம்புவலைகளில் பல, உலக நிதியத்தின் உதவியால் வந்தவை. அந்தப் பணத்தைக் கொடுத்த நாடுகளின் வரிசெலுத்துவோருக்கு வன்னி எங்கே இருக்கிறதென்றே தெரிந்திருக்காது. நமது அம்மாமாரின் கையில் பெரியம்மைத் தடுப்பூசியின் தழும்பு இருந்தது. 1977க்குப் பின்னர் இயற்கையாக அந்த நோய் யாருக்கும் வரவில்லை. ஆகவே என் வகுப்பில் யாருக்கும் அந்தத் தழும்பு இல்லை. அந்த நோயை ஒழிக்கும் யோசனையை 1958இல் முன்வைத்தது சோவியத் நாடு. பின்னர் அமெரிக்காவும் தோள்கொடுத்தது. விண்வெளியில் ஒருவரையொருவர் முந்த ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இதைச் செய்தார்கள். உலகம் நம்மைப் பார்க்காத நேரங்களும் உண்டு, பார்த்த நேரங்களும் உண்டு. இரண்டையும் அனுபவித்தவர்கள் நாம். பார்க்கப்படாமல் இருப்பதன் வலி தெரிந்தவர்கள், இன்னொருவரைப் பார்க்காமல் விடலாமா?

இன்றும் மலேரியாவால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆபிரிக்காவின் சிறு பிள்ளைகள். அது தூரத்துச் செய்தி என்று எண்ணவேண்டாம். 2016இன் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புதிய நுளம்பு கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாண நகரிலும் காணப்பட்டது. காட்டாறுகளைத் தேடாமல் நம் வீட்டுக் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும் நுளம்பு அது. இதே இனம் ஆபிரிக்காவின் கிழக்குப் பகுதிக்கும் பரவியிருக்கிறது. அங்கே தொற்றிய ஒருவர் காய்ச்சலோடு இங்கே வந்திறங்கினால், அதைப் பரப்ப நுளம்பு இங்கே தயாராக இருக்கிறது. எத்தியோப்பியப் பிள்ளையின் காய்ச்சலும் நம்மூர்க் கிணறும் அவ்வளவு தூரமில்லை.

இனி நம் கல்லூரியிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக வாயில் வளைவு கட்டுவதாகவும் அரங்கைப் புதுப்பிப்பதாகவும் அறிந்தேன். நல்லது, அவற்றுக்கு என் பங்கையும் தருகிறேன். அவற்றோடு ஒரு சிறு தொலைகாட்டியையும் இரண்டு தடித்த கொப்பிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதத்தில் ஒரு நாள், அமாவாசையை அண்டிய இரவில், மைதானத்தின் பெரிய மின்விளக்குகளை ஒரு மணிநேரம் நிறுத்திவிட்டு விடுதிப் பிள்ளைகள் வானம் பார்க்கட்டும். எத்தனை நட்சத்திரம் தெரிகிறதென்று எண்ணி முதற் கொப்பியில் எழுதட்டும். குளோப் அட் நைட் என்ற உலகளாவிய திட்டத்துக்கு அந்தக் கணக்கை அனுப்பலாம். சாதாரண மக்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய 50,000க்கும் மேற்பட்ட இத்தகைய குறிப்புகளைக் கொண்டு, 2011 முதல் 2022 வரை இரவு வானத்தின் ஒளிர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் கூடியதாகக் கணித்திருக்கிறார்கள். நமக்கு மின்சாரம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, அதன் அருமை நமக்குத் தெரியும். விளக்கு நிலத்துக்கு வெளிச்சம் தந்தால் போதும், ஆகாயத்துக்குத் தரத் தேவையில்லை.

இரண்டாவது கொப்பி கிணறுகளுக்கு. வாரமொருமுறை கல்லூரிக் கிணற்றையும் தொட்டிகளையும் பார்த்து, நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று எழுதட்டும். பெரும்பாலான வாரங்களில் “இல்லை” என்றுதான் எழுதவேண்டியிருக்கும். அலுப்பாக இருக்கும். அந்த “இல்லை”யைத் தவறாமல் எழுதப் பழகுவதுதான் நான் கேட்கும் படிப்பு. ஹலியில் இருந்தவர்கள் செய்ததும் அதுவே. 1963இல் நம் நாடு கைவிட்டதும் அதுவே.

வெளிநாடுகளில் வாழும் அக்காமாரே, நீங்களும் உங்கள் ஊரில் ஒரு இருண்ட இடத்தைத் தேடிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கார்த்திகை இலண்டனிலும் தெரியும், ரொறன்ரோவிலும் தெரியும், மெல்பேர்னில் வட வானத்திலே தெரியும். அவர்களுக்கு அதன் தமிழ்ப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். அதன் கீழ் வாழும் மற்றப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லுங்கள். நீங்கள் எண்ணிய கணக்கைக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தால், எங்கள் கொப்பியில் உங்கள் ஊருக்கும் ஒரு பக்கம் இருக்கும்.

முதல் பக்கத்தை வருகிற கார்த்திகை மாத அமாவாசையில் தொடங்கலாம் என்று அதிபர் அவர்கள் இசைந்திருக்கிறார். மழை விட்டால், மைதானத்தில் சந்திப்போம்.