ஆறு மாதம் ஓடிய கப்பல்



1940 மார்ச். கரீபியன் கடலில் ஹன்னோவர் என்ற ஜெர்மானியச் சரக்குக் கப்பலைப் பிரிட்டிஷ், கனடியப் போர்க்கப்பல்கள் மடக்கின. எதிரியின் கையில் சிக்கக்கூடாதென்று அதன் மாலுமிகளே கப்பலுக்குத் தீ வைத்தார்கள். பிடித்தவர்கள் தீயை அணைத்து, ஜமைக்காவுக்கு இழுத்துப்போனார்கள். பிறகு அதன் மேல்கட்டுகளை அகற்றி, மேலே தளம் போட்டு, 1941 ஜூனில் விமானந்தாங்கியாகக் கடலில் இறக்கினார்கள். ஆடாசிட்டி என்று பெயர். வணிகக் கப்பல்களுக்குக் காவலாகப் போவதற்கென்றே உருவாக்கப்பட்ட முதல் பிரிட்டிஷ் விமானந்தாங்கி அதுதான்.

அட்லாண்டிக் நடுக்கடலுக்குக் கரையிலிருந்து போர்விமானங்கள் எட்டா. ஜெர்மனியின் காண்டோர் விமானங்களோ வெகுதூரம் பறந்து வந்து குண்டு வீசும். நீர்மூழ்கிகளுக்கு வழியும் காட்டும். அவற்றை விரட்ட, சரக்குக் கப்பலிலிருந்தே ஒரு போர்விமானத்தை ராக்கெட்டால் உந்தி அனுப்பிப் பார்த்தார்கள். திரும்பி இறங்க இடமில்லை. விமானி கடலில்தான் விழவேண்டும்.

ஆடாசிட்டியில் இறங்க இடம் இருந்தது, சுமார் 450 அடி. விமானங்களை உள்ளே நிறுத்தக் கொட்டகை கிடையாது. ஆறு மார்ட்லெட் விமானங்களும் உப்புத்தண்ணீர் தெறிக்கும் வெட்டவெளியில் கட்டிக்கிடந்தன. பழுது பார்ப்பதும் அங்கேயேதான். அந்த மெக்கானிக்குகளை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

டிசம்பர் 14 அன்று ஜிப்ரால்டரிலிருந்து 32 வணிகக் கப்பல்கள் இங்கிலாந்துக்குப் புறப்பட்டன. ஆடாசிட்டியும் இருந்த காவல் அணிக்குத் தலைவர் வாக்கர் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. 17ஆம் தேதி நீர்மூழ்கி ஒன்றின்மேல் பாய்ந்த மார்ட்லெட் சுடப்பட்டு விழுந்தது, விமானி இறந்தார். அந்த நீர்மூழ்கியும் அன்றே மூழ்கியது. பகலெல்லாம் விமானங்கள் தேடிக்கொண்டே இருந்தன. இரவில் அவற்றுக்கு வேலையில்லை என்பதால், ஆடாசிட்டி கூட்டத்தைவிட்டு விலகித் தனியே ஓடும்.

21ஆம் தேதி இரவும் அப்படித்தான். கூட்டத்தில் ஒரு கப்பல் தாக்கப்பட்டதும், இன்னொரு கப்பல் வெளிச்ச ராக்கெட்டுகளை வானில் விட்டது. எதிரியைக் காண விட்ட வெளிச்சம். அதில் ஆடாசிட்டியின் நிழலுருவம் எதிரிக்குத் தெரிந்துபோயிற்று. யூ-751 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி டார்பிடோக்களை ஏவியது. கப்பலோடு 73 பேர் போனார்கள். அந்த வெளிச்சத்தை விட்டவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காவலோடு போன வணிகக் கப்பல்களில் இரண்டே மூழ்கின. மற்றவை ஊர் சேர்ந்தன. பின்னாளில் இதே வகைக் கப்பல்களை அமெரிக்கா நூற்றுக்கும் மேல் கட்டியது.

அன்றிரவு குளிர்கடலில் மிதந்து பிழைத்தவர்களில் எரிக் பிரவுன் என்ற இளம் விமானியும் ஒருவர். 2016இல் தம் 97ஆம் வயதில் காலமாகும்போது, விமானந்தாங்கிகளில் 2,407 முறை இறங்கிய உலக சாதனை அவர் பெயரில் இருந்தது.