எஞ்சினின் குளிர்ச்சியும் கம்பித் துளைகளும்

மோட்டார் சைக்கிளின் எஞ்சினை உற்று நோக்கியவர்கள், அதன் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் வரிவரியாக அமைந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். எஞ்சினின் வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைப்பதே அவ்வரிகளின் பணி. சிறு பயிற்சி விமானங்கள் பலவற்றின் எஞ்சின்களும் இவ்வகையினவே. 1958-இல் பெங்களூரில் முதன்முதலாகப் பறந்த புஷ்பக் விமானத்தின் 90 குதிரைத்திறன் காண்டினென்டல் எஞ்சினும், இன்று பயிற்சிக் கழகங்களில் காணப்படும் செஸ்னா 172-இன் லைகாமிங் எஞ்சினும் காற்றினாலேயே குளிர்கின்றன.

விமானம் விரைந்து பறந்தாலே போதும், காற்று தன் வேலையைச் செய்துவிடும் என்று நாம் எண்ணிவிடலாகாது. காற்று சோம்பேறி, எளிய வழி ஒன்று கிடைத்தால் கடினமான வழியில் செல்லாது. வரிகளின் இடுக்கில் புகுந்து செல்வதோ கடினமான வழி. எனவே, முன்புறத் துவாரங்களில் நுழையும் காற்றை எஞ்சினின் மேற்பக்கத்தில் ஓர் அறையில் தேக்கி, அழுத்தம் பெறச் செய்து, வரிகளின் ஊடே கீழ்நோக்கிச் செலுத்துகிறார்கள். அவ்வறையின் சுவர்களே பேஃபிள் எனப்படும் அலுமினியத் தடுப்புத் தகடுகள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு சில அங்குல உயர நீரின் அழுத்தமே. இவ்வளவு சிறிய முதலில் ஒரு பகுதி கசிந்து போனாலும் நட்டம் பெரிது.

நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு எட்டு ஸ்பார்க் பிளக்குகள். மேல்வரிசை நான்கிற்கும் பின்னாலுள்ள மாக்னிட்டோவிலிருந்து செல்லும் கம்பிகள் தடுப்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டே செல்ல வேண்டும். 20 மில்லிமீட்டர் துளையில் 7 மில்லிமீட்டர் கம்பி சென்றால், துளையின் பரப்பில் எட்டில் ஒரு பங்கே அடைபடுகிறது. அத்தகைய நான்கு துளைகளின் மீதி இடைவெளியைச் சேர்த்தால், 33 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரச் சன்னலாகும்! காற்று அதை விட்டுவைக்குமா?

எங்கள் பட்டறைக்கு ஒரு முறை வந்த பயிற்சி விமானத்தில், பின்புறச் சிலிண்டர் ஒன்று மேலேறும்போதெல்லாம் மற்றவற்றைவிடச் சூடேறியது. லைகாமிங் குறித்த உச்ச வரம்பாகிய 260 பாகை சென்டிகிரேடை அது எட்டவில்லை என்பது உண்மையே. ஆயினும் வெப்பம் ஏற ஏற அலுமினியத் தலை வலிமை இழக்கும். வால்வுகள் விரைவில் தேயும். மாணவர் தனியே ஏறிச் செல்லும் விமானம் அது. கருவியை மாற்றினோம்; கார்புரேட்டரைச் சோதித்தோம். பயனில்லை. பின்னர் இருட்டிய கொட்டகையில் மேல் மூடியைப் பொருத்தி, அறைக்குள் ஒரு விளக்கை ஏற்றிவைத்துக் கீழிருந்து நோக்கினோம். பின்தகட்டில், கம்பிகளைச் சுற்றிப் பிறைபிறையாக ஒளி தெரிந்தது. பழுது பார்த்த யாரோ ரப்பர் வளையங்களைத் திரும்பப் பொருத்த மறந்திருந்தார். ஒரு கம்பியின் உறையைத் தகட்டின் விளிம்பு அரிக்கத் தொடங்கியிருந்தது. வெப்பத்தைவிட எங்களை அச்சுறுத்தியது அதுவே.

அடைக்கும் முறை எளியது. ஆயினும் அவசரம் கூடாது. விளிம்பின் பிசிரை அரத்தால் நீக்கி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, கம்பியின் பருமனுக்கு ஏற்ற ரப்பர் வளையத்தை முதலில் பொருத்த வேண்டும். எஞ்சிய இடைவெளியையே, உயர்வெப்பம் தாங்கும் சிலிகோன் பசையால் நிரப்ப வேண்டும். வளையமின்றிப் பசையை மட்டும் அப்புவது வீண். எஞ்சினின் அதிர்வில் அது பிய்ந்துவிடும். காயும்போது புளிக்காடி மணம் வீசும் பசைகள் அமிலத்தை வெளிவிடுபவை. மின் இணைப்புகளின் அருகே அவற்றை நாங்கள் பயன்படுத்துவதில்லை. எஞ்சினுக்கும் விமானியின் அறைக்கும் நடுவேயுள்ள தீத்தடுப்புச் சுவரின் துளைகளுக்கு இந்தச் சிலிகோன் போதாது. அங்கே தீயைத் தாங்கும் தனிப்பசையும் எஃகு வளையமும் வேண்டும்.

அந்த விமானத்தில் அனைத்தும் முடிய ஒரு முற்பகல் ஆயிற்று. பசை காய ஓர் இரவு விட்டு, மறுநாள் காலை பயிற்சியாளரே அதை ஓட்டிப் பார்த்தார். பின்புறச் சிலிண்டர் மற்ற மூன்றோடும் ஏறத்தாழ ஒத்து நின்றது. அரிக்கப்பட்ட கம்பியை மாற்றிய பின்னரே மாணவரிடம் விமானத்தை ஒப்படைத்தோம்.