பொறுமை வேறு, தாமதம் வேறு

  

நம் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இன்று ஒரு ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அது நம்மிடம் அனுமதி கேட்கிறது. "புதிய இயங்குதளம் தயாராக உள்ளது. இப்போது நிறுவலாமா, பிறகு நிறுவலாமா?" என்பதே அந்தக் கேள்வி. பலர் யோசிக்காமலேயே 'பிறகு' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கச் சென்றுவிடுகின்றனர். வேறு சிலரோ அறிவிப்பு வருவதற்கு முன்பே, "எனக்கு எப்போது வரும்?" என்று நாளைக்குப் பத்து முறை தேடிப் பார்க்கின்றனர். ஒரே வீட்டில் மகன் அவசரப்படுகிறான். தந்தை தொடவே அஞ்சுகிறார். இவ்விருவரில் யார் செய்வது சரி?

இது ஒரு சிறிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் நம்முடைய பணமும், நம் குடும்பத்தின் மானமும், பிறர் நம்மை நம்பிச் சொன்ன செய்திகளும் இதன் விடையில் அடங்கியுள்ளன. எனவே சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

காத்திருப்பது ஏன்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இயங்குதளம் என்பது கைபேசியின் எல்லா வேலைகளையும் நடத்துகின்ற அடிப்படை மென்பொருளாகும். ஐபோனில் அதன் பெயர் ஐஓஎஸ். ஏனைய பெரும்பாலான போன்களில் அதன் பெயர் ஆண்ட்ராய்டு.

ஆப்பிள் நிறுவனம் கருவியையும் இயங்குதளத்தையும் தானே உருவாக்குகிறது. ஆகவே புதிய ஐஓஎஸ் வெளியாகும் நாளிலேயே, அதற்குத் தகுதியுள்ள ஐபோன்கள் அனைத்துக்கும் அது கிடைத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டின் நிலை வேறு. கூகுள் அதை வெளியிட்ட பிறகு, போன் தயாரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் அதைத் தன் ஒவ்வொரு மாடலுக்கும் ஏற்றபடி அமைக்க வேண்டும். சிப் தயாரிப்பாளரின் மென்பொருளும் அதனுடன் பொருந்த வேண்டும். சில நாடுகளில் தொலைபேசி நிறுவனங்களும் அதைச் சோதித்துப் பார்க்கின்றன. இத்தனை படிகளையும் கடந்து வருவதற்குப் பல மாதங்கள் ஆகிவிடுவதுண்டு. இந்தத் தாமதத்தைக் குறைப்பதற்காகவே 2017-ஆம் ஆண்டு ஆண்ட்ராய்டு 8 வெளிவந்தபோது, 'புராஜெக்ட் டிரெபிள்' என்னும் புதிய அமைப்பைக் கூகுள் கொண்டுவந்தது.

அதன் பின்னரும் அனைவருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. முதலில் ஒரு சிறு பகுதியினருக்கு அனுப்பி, கோளாறு ஏதும் தென்படுகிறதா என்று கவனிப்பர். இல்லையென்று உறுதியான பிறகே ஏனையோருக்கு அனுப்புவர். ஆகவே, "அண்டை வீட்டாருக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லையே!" என்று மனம் புழுங்கத் தேவையில்லை. அவருக்கு நேர்வதைப் பார்த்து உங்களுக்குப் பாதுகாப்பாக அனுப்புகிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அவசரம் தந்த பாடம்

அவசரப்படுவோர் சிந்திக்க வேண்டிய ஒரு நிகழ்வைப் பாருங்கள். 2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 8.0.1 என்னும் திருத்தப் பதிப்பை வெளியிட்டது. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் ஆகியவற்றில் அதை நிறுவிய பலருக்கு அலைபேசி இணைப்பே அற்றுப்போனது. கைரேகை உணரியும் வேலை செய்யவில்லை. சற்றேறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. மறுநாளே 8.0.2 வெளியானது. ஒரு நாள் பொறுத்திருந்தவருக்கு எந்த இழப்பும் இல்லை. முதல் மணி நேரத்தில் முந்திக்கொண்டவரின் கையில் பேச முடியாத போன் இருந்தது!

அதே ஐஓஎஸ் 8-ஐப் போனிலேயே நேரடியாக நிறுவ ஏறத்தாழ 5 ஜிபி காலியிடம் வேண்டியிருந்தது. 16 ஜிபி கொள்ளளவுள்ள போன்களை வைத்திருந்தோர் இடத்திற்காகப் படங்களை அழிக்கும் நிலை ஏற்பட்டது. அடுத்த ஆண்டு வந்த ஐஓஎஸ் 9-இல் அந்தத் தேவையை 1.3 ஜிபி அளவுக்கு ஆப்பிள் குறைத்தது. சிந்தித்துப் பாருங்கள்! ஒரு புதிய வசதிக்காக, திரும்பக் கிடைக்காத ஒரு முகத்தின் படத்தை அழிப்பது இலாபமா, நஷ்டமா?

அஞ்சுவோரின் அச்சத்திற்கும் காரணம் உண்டு. "அப்டேட் செய்தால் போன் மெதுவாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதை இளைஞர்கள் கேலி செய்கின்றனர். ஆனால் 2017-இல் வெளியான ஐஓஎஸ் 10.2.1 பதிப்பு, பேட்டரி தேய்ந்த சில ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமலிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்தது உண்மையே. இதைப் பயனாளர்களுக்கு ஆப்பிள் தெளிவாகச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் அந்நிறுவனம் வருத்தம் தெரிவித்து, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பயனாளர்களிடம் சொல்லாமல் விட்டதற்காக 2020-இல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. பொருளை விற்பவர் அதன் குறையை மறைக்கக் கூடாது என்னும் நேர்மை, சந்தைக்கடைக்கு மட்டுமல்ல, மென்பொருளுக்கும் உரியதே.

தாமதம் தந்த பாடம்

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் தொடாமலேயே இருந்துவிடுகிறோம்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமை ஆர்வலர் அஹ்மத் மன்சூர். 2016 ஆகஸ்ட் 10, 11 ஆகிய நாட்களில் அவருடைய ஐபோனுக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. சிறைகளில் வதைக்கப்படுவோரைப் பற்றிய புதிய இரகசியங்கள் இந்த இணைப்பில் உள்ளன என்று அவை கூறின. அவர் அந்த இணைப்பைத் தொடவில்லை. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 'சிட்டிசன் லேப்' ஆய்வாளர்களுக்கு அனுப்பிவைத்தார். ஆராய்ந்து பார்த்தவர்கள் அதிர்ந்தனர். இணைப்பை ஒருமுறை தொட்டிருந்தாலே, இஸ்ரேலைச் சேர்ந்த என்எஸ்ஓ நிறுவனத்தின் 'பெகாசஸ்' என்னும் உளவு மென்பொருள் அவரது போனுக்குள் புகுந்திருக்கும். அவர் பேசுவதையும் எழுதுவதையும் பிறர் கவனித்திருப்பர். ஐஓஎஸ்ஸில் அதுவரை தயாரிப்பாளரும் அறியாதிருந்த மூன்று ஓட்டைகளை அது பயன்படுத்தியது. ஆகஸ்ட் 25 அன்று ஐஓஎஸ் 9.3.5 என்னும் புதுப்பிப்பின் மூலம் ஆப்பிள் அந்த மூன்றையும் அடைத்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உள்ளது. ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு வெளியானதும், ஓட்டை இருந்த இடம் எது என்பது தீயவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு 'பிறகு, பிறகு' என்று தள்ளிப்போடுபவர், திறந்து கிடக்கும் கதவு எதுவென்று ஊர் அறிந்த பின்பும் அதைச் சாத்தாமல் உறங்குபவரைப் போன்றவர்.

கணினி உலகிலும் இதே பாடம் கிடைத்தது. விண்டோஸில் இருந்த ஒரு பெரும் ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் மாதமே அடைத்துவிட்டது. ஆனால் அந்தத் திருத்தத்தை நிறுவாத கணினிகள் உலகெங்கும் இருந்தன. மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் தீநிரல் அந்த வழியாகவே பரவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல முடங்கின. 19,000-க்கும் மேற்பட்ட நோயாளிச் சந்திப்புகள் இரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. கணினியைப் புதுப்பிக்காதவர் ஒருவர். வலியோடு திரும்பிச் சென்ற நோயாளி வேறொருவர்!

ஆண்ட்ராய்டும் விதிவிலக்கன்று. 2015 ஜூலையில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்னும் ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு படச்செய்தியை அனுப்பியே போனைக் கைப்பற்றக்கூடிய ஓட்டை அது. அதன் பின்னரே, அதே ஆண்டு ஆகஸ்ட் முதல், மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்பு வெளியிடும் வழக்கத்தைக் கூகுள் தொடங்கியது.

ஆக, புதுப்பிப்புகள் இருவகை. ஆண்டுக்கொருமுறை புதிய எண்ணோடும் புதிய தோற்றத்தோடும் வருகின்ற பெரிய பதிப்பு ஒன்று. ஓட்டைகளை அடைக்க அவ்வப்போது வருகின்ற பாதுகாப்புத் திருத்தம் மற்றொன்று. முன்னதற்குச் சில நாட்கள் காத்திருப்பது பொறுமை. பின்னதைத் தள்ளிப்போடுவது அலட்சியம். பொறுத்திருப்பவர் ஆயத்தமாகிக்கொண்டே காத்திருக்கிறார். அலட்சியம் செய்பவர் மறந்துவிடுகிறார்.

உள்ளே இருப்பது யாருடையது?

"என் போன், என் விருப்பம்" என்று சிலர் சொல்வர். போன் உங்களுடையதுதான். அதனுள் இருப்பவை அனைத்தும் உங்களுடையவையா? உங்கள் சகோதரியின் தொலைபேசி எண் அதில் இருக்கிறது. திருமண வீட்டில் எடுத்த பெண்களின் படங்கள் இருக்கின்றன. கடனில் தவிக்கும் நண்பர் மனம் திறந்து எழுதிய செய்தி இருக்கிறது. வெளிநாட்டில் உழைக்கும் கணவர் அனுப்பிய பணத்தின் கணக்கு இருக்கிறது. இவை யாவும் பிறர் உங்களிடம் ஒப்படைத்த அமானிதங்கள் அல்லவா? அமானிதத்தைக் காப்பவர், "பூட்டு மாற்ற எனக்கு நேரமில்லை" என்று சொல்ல முடியுமா?

எவ்வாறு செய்வது?

முதலாவதாக, புதுப்பிப்பை போனின் 'செட்டிங்ஸ்' பகுதியிலிருந்து மட்டுமே நிறுவுங்கள். அங்கே வருவது தயாரிப்பாளரின் மின்னணுக் கையொப்பம் கொண்டது. போன் அதைச் சரிபார்த்த பிறகே ஏற்கும். அப்டேட் என்ற பெயரில் வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ வரும் இணைப்புகளையும் ஏபிகே கோப்புகளையும் ஒருபோதும் தொடாதீர்கள்.

இரண்டாவதாக, படங்களையும் செய்திகளையும் வேறோர் இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு காலியிடம், வைஃபை, சார்ஜ் ஆகிய மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, போனின் பின் எண்ணை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். புதுப்பித்த போன் மீண்டும் இயங்கும்போது கைரேகையையோ முகத்தையோ ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். நாள்தோறும் விரலை மட்டுமே வைத்துப் பழகிய முதியோர் பலர் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கின்றனர்.

நான்காவதாக, நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பயணத்திற்கு முந்தைய இரவும், மருத்துவமனையிலிருந்து அழைப்பை எதிர்பார்க்கும் நேரமும் இதற்கு உகந்தவை அல்ல. மீண்டும் இயங்கிய போனை ஒருமுறை எண்ணிட்டுத் திறக்கும் வரை, அதிலுள்ள செயலிகள் பல வேலை செய்யா. இரவில் தானாகப் புதுப்பித்துக்கொண்ட போனில் பஜ்ருக்கு எழுப்பும் செயலி ஒலிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஐந்தாவதாக, நிறுவும்போது போனை அணைக்காதீர்கள். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் ஒரு நல்ல ஏற்பாடு உள்ளது. அதை ஏற்றுள்ள போன்களில் இயங்குதளத்திற்கு இரண்டு அறைகள் உண்டு. ஓர் அறையில் நீங்கள் வசித்துக்கொண்டிருக்கும்போதே மற்றோர் அறையில் புதியது தயாராகும். மீண்டும் இயங்கும்போது போன் புதிய அறைக்குக் குடிபெயரும். அங்கு நிற்க முடியாவிட்டால் பழைய அறைக்கே திரும்பிவிடும். எல்லாப் போன்களிலும் இந்த வசதி இல்லையாதலால் பொறுமை அவசியம். முடிந்த பிறகு ஓரிரு நாட்கள் போன் சூடாவதும் சார்ஜ் விரைவில் குறைவதும் இயல்பே. உள்ளே அது தன் கோப்புகளை மறுபடியும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறது.

வாங்கும்போதே கேளுங்கள்

போன் வாங்கச் செல்லும்போது கேமராவைப் பற்றிக் கேட்கிறோம், விலையைப் பேசுகிறோம். "எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வரும்?" என்று கேட்பவர் குறைவு. 2023 அக்டோபரில் பிக்சல் 8 போனுக்கு 7 ஆண்டுகள் புதுப்பிப்பு வழங்குவதாகக் கூகுள் அறிவித்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் அவ்வாறே அறிவித்தது. விலை குறைந்த போன்கள் பலவற்றிற்கு அத்தனை ஆண்டுகள் கிடைப்பதில்லை. மலிவாக வாங்கிய போன் விரைவில் பாதுகாப்பிழந்தால் அது உண்மையில் மலிவா? புதுப்பிப்பு நின்றுபோன பழைய போனைத் தாயாருக்குக் கொடுத்துவிட்டு, அதே போனில் வங்கிக் கணக்கையும் பார்க்கச் சொல்வது அவருக்குச் செய்யும் நன்மையாகாது. 2025 மே மாதம் ஐஓஎஸ் 15.1-க்கு முந்தைய பதிப்புகளுக்கான ஆதரவை வாட்ஸ்அப் நிறுத்தியது. அவ்வாறு நிறுத்தப்படும் நாளில், பேரப்பிள்ளைகளின் குரல் கேட்கும் ஒரே வழியும் ஒரு மூதாட்டிக்கு அடைபட்டுவிடுகிறது.

வாலிபர்களே!

உங்கள் போனுக்குப் புதிய பதிப்பு எப்போது வரும் என்று ஆவலோடு காத்திருக்கிறீர்கள். நல்லது. உங்கள் தந்தையின் போன் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? பாட்டியின் போனில் எத்தனை மாதங்களாக அந்த அறிவிப்பு கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று பார்த்தீர்களா? அவர்கள் கேட்கத் தயங்குகின்றனர். "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு சொல் அவர்களை மேலும் மௌனமாக்கிவிடுகிறது.

இந்த வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை அவர்களுக்காக ஒதுக்குங்கள். அருகில் அமர்ந்து, அவர்கள் கண்ணெதிரிலேயே படங்களைச் சேமித்து, பின் எண்ணை அவர்களையே சொல்லச் செய்து, பிறகு நிறுவுங்கள். முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். இடம் மாறிவிட்ட பொத்தானை அவர்கள் கண்டுபிடிக்கும் வரை உடனிருங்கள். அவர்கள் மறுமுறை கேட்டால் மறுமுறையும் சொல்லுங்கள். நீங்கள் எழுத்துப் பழகிய நாட்களில் அவர்கள் எத்தனை முறை சொன்னார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

காத்திருக்க வேண்டிய இடத்தில் பொறுமையையும், காக்க வேண்டிய இடத்தில் விரைவையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக!