ஒரு சொல்லைத் தேட எத்தனை துறைகள்?



பல்துறைப் பட்டம் பயின்றவர் ஆய்வாளராக முடியுமா என்னும் ஐயம் மாணவரிடம் உண்டு. பெற்றோரிடம் அதனினும் மிகுதியாக உண்டு. மொழியில் சில தாள்கள், வரலாற்றில் சில, பண்பாட்டில் சில எனப் பயின்றவரை நேர்காணலில் "நீங்கள் எந்தத் துறை?" என வினவினால் என்ன விடை கூறுவது? வினா நியாயமானதே. கெடா மண்ணின் பெயர் ஒன்றைக் கொண்டே விடை தேடுவோம்.

பட்டினப்பாலையில் 'காழகம்' என்னும் இடப்பெயர் வருகிறது. அது கடாரம் என்பது நச்சினார்க்கினியர் உரை. இலக்கியம் மட்டும் பயின்றவர் அவ்வளவில் அமைதி கொள்வார். வரலாறு பயின்றவர் அமையமாட்டார். உரையாசிரியர் பாட்டிற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிற்பட்டவர். 1025இல் நிகழ்ந்த இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பிற்கும் பிற்பட்டவர். அவ்வுரை காட்டுவது புலவர் காலத்து வழக்கையா, உரைகாரர் காலத்து அறிவையா? மொழியியலார் இன்னொன்று கேட்பார். அசோகர் கல்வெட்டில் சோழர் 'சோட' என நிற்றலால் ழகர டகர மாற்றம் புதிதன்று. வடமொழிக் 'கடாகம்' காழகத்திற்கு நெருங்கியே வருகிறது. ஆயினும் நெடில் இடம் மாறியதும், 'கடாரம்' என்பதன் ரகரமும் விளக்கம் வேண்டி நிற்கின்றன. தொல்லியலாரோ பூசாங் பள்ளத்தாக்கிற்கு அழைத்துச் செல்வார். 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்த கோயில் அடித்தளங்களும், 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் வெளிக்கொணர்ந்த இரும்புருக்கு உலைகளும் அங்குள்ளன. உலையின் காலத்தைக் கணிக்கலாம். அதன்மேல் ஊர்ப்பெயர் எழுதியிராது.

நான்கு துறையையும் ஒருவரே முற்றக் கற்றல் இயலாது. ஒரு துறை எதனைச் சான்றாகக் கொள்கிறது, அச்சான்று எவ்விடத்தில் வலுவிழக்கிறது என அறிவதே பல்துறைக் கல்வி தரும் பயிற்சி.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியது. மொழி, இலக்கியம், வரலாறு, பண்பாடு ஆகியன அங்கு ஒரு கூரையின்கீழ் அமைந்தன. 1961இல் அங்கு வந்த தனிநாயகம் அடிகள் உரோமையில் இறையியலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழும், இலண்டனில் கல்வியியலும் கற்றவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதில் அப்பரந்த பயிற்சிக்குப் பங்குண்டு என்பது என் கருத்து. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: தமிழ் இலக்கியத்தில் அவருக்கு ஆழம் இருந்தது. ஆழமான ஒரு துறை இல்லாதவர் பிறர் முடிவுகளைத் தொகுப்பவராகவே நின்றுவிடுவார். ஆதலால் இறுதியாண்டு ஆய்வேட்டிலேனும் ஒரு முறையியலில் ஊன்றி நில்லுங்கள். நேர்காணல் வினாவிற்கும் அதுவே விடை.

கடாரத்திற்கு அறிஞர் பலர் உளர். தோட்டத்துச் சொற்களுக்கு அத்தனை பேர் இலர். சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர் நின்ற நிலம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டது. லயத்தில் வாழ்ந்தோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 'பிரட்டு', 'கித்தா', 'ஒட்டுப்பால்' என்பவற்றை நாளும் வழங்கிய தலைமுறை முதுமையில் உள்ளது. அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு மட்டும் சென்றால் போதாது. வெட்டுக்காயத்தில் உறைந்து ஒட்டிய பாலே ஒட்டுப்பால் என அகராதிப் பொருள் எழுதிவிடலாம். அதற்குத் தனிக்கூலி இருந்ததா, அதைச் சேர்த்தவர் யார் எனக் கேட்கத் தொழிலாளர் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொன்ன பாட்டியின் ஒலிப்பை உள்ளவாறே குறிக்க ஒலியியல் வேண்டும். இரண்டும் ஒரே மாணவரிடம் இருப்பின் அந்த ஒரு மணிநேரம் வீணாகாது. மறுமுறை சென்று கேட்கலாம் என்னும் உறுதி நமக்கில்லை.

இன்னும் ஒரு சொல், 'கிராணி'. 'கித்தா' மலாய்க் 'கெத்தா'விலிருந்து வந்தமை தெளிவு. கிராணியோ வட இந்திய மொழிகளிலும் உண்டு, மலாயில் 'கெரானி' எனவும் உண்டு. தமிழர் அதை இந்தியாவிலிருந்தே கொண்டுவந்தனரா, இங்கு மலாய் வழியாகப் பெற்றனரா? இலங்கை மலையகத் தோட்டங்களில் அது எந்த அளவு வழங்கியது? பழைய சம்பள ஏடுகள், மலாய் அகராதிகள், முதியோர் பேச்சு ஆகிய மூன்றையும் அருகில் வைத்துக்கொண்டால் ஒரு பருவத்திற்குள் இவ்வாய்வைத் தொடங்கிவிடலாம்.