ஒரு வேலை, பல கணினிகள்
(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணிக்குச் சென்றவர்களுக்கு இன்றைய தலைப்பு புதிதல்ல. அங்கே விடைத்தாள்களைக் கட்டுகளாகப் பிரித்துத் தருகிறார்கள். ஒருவர் திருத்தி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதில்லை. மதிப்பெண்கள் கடைசியில் ஓரிடத்தில் சேர்கின்றன. ஒரு பெரிய கணக்கைப் பல கணினிகள் பகிர்ந்து செய்வதும் இப்படித்தான்.

1999 மே மாதம், அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 'செட்டி அட் ஹோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோ தொலைநோக்கி பதிவு செய்த வானொலி அலைகளில், பூமிக்கு வெளியே வாழும் அறிவுள்ள உயிர்கள் அனுப்பிய குறிப்பு ஏதும் இருக்கிறதா என்று தேடுவது அதன் நோக்கம். பதிவுகளைச் சிறு துண்டுகளாக்கி, இணையம் வழியாகத் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பினார்கள். கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அந்தத் துண்டை ஆராய்ந்து விடையைத் திருப்பி அனுப்பும். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் பங்கேற்றார்கள். 2020 மார்ச் வரை துண்டுகள் போய்க்கொண்டிருந்தன.

வேலையைப் பிரிப்பதைவிட, திரும்பி வரும் விடையை நம்பலாமா என்று முடிவு செய்வதுதான் மென்பொருள் எழுதியவர்களுக்குக் கடினமாக இருந்தது. யாரோ ஒருவருடைய கணினி பாதியில் அணைந்துபோகலாம். தவறாகக் கணக்கிடலாம். அதிகத் துண்டுகளை முடித்தவர் பட்டியலில் முந்துவதற்காகப் பொய் விடை அனுப்பியவர்களும் இருந்தார்கள். அதே குழு பின்னர் உருவாக்கிய 'பாயிங்க்' என்ற பொது மென்பொருள் இதற்கெல்லாம் வழி செய்தது. ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு. கெடு தாண்டினால் அது வேறு கணினிக்குப் போகும். ஒரே துண்டை இருவருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடலாம். பொருந்தாவிட்டால் மூன்றாமவருக்கு அனுப்பலாம்.

இதை என் வகுப்பில் காகிதத்திலேயே செய்து பார்த்தேன். 1 முதல் 1000 வரை எத்தனை பகா எண்கள்? 50 எண்கள் வீதம் 20 துண்டுகள். துண்டுக்கு இரண்டு பேர். மொத்தம் 40 மாணவர்கள். எல்லா ஜோடிகளின் விடையும் பொருந்தியது. கூட்டினால் 169 வந்தது. சரியான விடை 168.

தேடிப் பார்த்ததில், 51 முதல் 100 வரையுள்ள துண்டை எடுத்த இருவரும் 91-ஐப் பகா எண் என்று எழுதியிருந்தார்கள். அது 7 பெருக்கல் 13. இருவரும் ஒரே பெஞ்சுக்காரர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்கிறார். தவறு அவர்களுடையது மட்டுமல்ல. பக்கத்தில் இருப்பவர்களுக்கே ஒரே துண்டைக் கொடுத்தது நான்.

மறுமுறை ஜோடிகளை வெவ்வேறு வரிசைகளில் உட்கார வைத்தேன். இம்முறை சில துண்டுகளில் விடைகள் மாறுபட்டன. முன்பெல்லாம் "யார் தப்பு?" என்று கேட்டிருப்பேன். அன்று "எந்த எண்ணில் வேறுபடுகிறீர்கள்?" என்று கேட்டேன். தலை குனிந்து நிற்கக்கூடிய பிள்ளைகள் கரும்பலகைக்கு வந்து வகுத்துக் காட்டினார்கள்.

குழுச் செயல்பாட்டில் ஒருவர் எழுத, நால்வர் பெயர் மட்டும் சேர்வதை நாம் அறிவோம். ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு, கெடு, சரிபார்க்க இன்னொருவர் என்று அமைத்துப் பாருங்கள். இதற்குக் கணினியோ இணையமோ தேவையில்லை. ஆய்வகக் கணினிகளில் இத்தகைய மென்பொருளை நிறுவ விரும்பினால் மட்டும், முதலில் தலைமையாசிரியரின் அனுமதி பெறுங்கள். கூடுதல் மின்செலவும் உண்டு.

அடுத்த வாரமே ஒரு பாடவேளையில் முயன்று பாருங்கள்.