தத்தளிப்பவர்க்கு ஊர் ஏது?

அறம் இடத்துக்கு இடம் மாறும், ஓரிடத்தில் கடமையாவது மற்றோரிடத்தில் கடமையாகாது என்னும் கொள்கை அறச்சார்பியம் எனப்படும். இவ்வவையில் அதை ஏற்கும் சான்றோரும் இருக்கக்கூடும். அன்னார் நூலகத்திலிருந்து இறங்கி மீன்பிடித் துறைமுகம் வரை ஒருமுறை சென்றுவந்தால், அச்சரக்கு அங்கே விலைபோகாது என்பதை அறிவர்.

இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் பங்லிமா லாவ்ட் என்றொரு பழைய அமைப்பு உண்டு. கடல் வழக்காறுகளைக் காத்து மீனவர் பூசல்களைத் தீர்த்துவைக்கும் தலைவருக்கும் அதுவே பெயர். ஆபத்தில் சிக்கியவர் யாராயினும் கரைசேர்க்க வேண்டும் என்பது அவ்வழக்காறு. 2015 மே மாதம் ரோஹிங்கியா மக்களும் வங்கதேசத்தவரும் நிரம்பிய படகுகளை அரசுகள் மாறிமாறி விரட்டிக்கொண்டிருந்தபோது, படகு மூழ்கினாலன்றி அவர்களை ஏற்றிவரலாகாது என்று படைத்துறை எச்சரித்த பின்னரும் ஆச்சே மீனவர் பல நூறு பேரைக் கரைசேர்த்தனர். அவர்கள் பன்னாட்டுச் சட்டம் பயின்றவர்கள் அல்லர், பயின்றவர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள்!

கடலில் உயிருக்குப் போராடுபவர்க்குக் கப்பல் தலைவர் உதவவேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை 98ஆம் பிரிவில் கூறுகிறது. நல்ல சட்டம்தான், ஆனால் அது புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை, மீனவர் செய்துவந்ததை எழுதிக்கொண்டது, அவ்வளவே.

இனி, ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று பாடிய கணியன் பூங்குன்றனார் பெயரை மேடைதோறும் முழங்கிவிட்டு, அகதி ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்தும் தமிழன்பர்கள் சிலர் உளர். அவர்களின் பெயர் இங்கு வேண்டுவதில்லை, அவையோர் அறிவர். அவர்கள் 1986 ஆகஸ்டு மாதத்தைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர் தத்தளித்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் கண்டெடுத்தவர் ஒரு மீன்பிடிப் படகின் தலைவர். தமிழ் என்றொரு மொழி இருப்பதை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, படகை நிறுத்தினார். வந்தவர்கள் தாம் புறப்பட்ட நாட்டை மறைத்துக் கூறினர் என்பது பின்னர் வெளியானது. கனடாவில் சிலர் கொதித்தனர். ஆனால், மெய் சொல்பவரை மட்டுமே மீட்கவேண்டும் என்று எந்தக் கடற்கரையிலும் விதி இல்லை. அந்தப் படகுத் தலைவருக்குச் சிலை எழுப்பாவிட்டாலும், ஒரு தெருவுக்கேனும் அவர் பெயரைச் சூட்டியிருக்கலாம் என்னும் குறை இம்மேடைக்கு இன்றும் உண்டு.

2016 ஜூனில், அதே ஆச்சேயின் லோக்ஙா கடற்கரையில் 44 ஈழத்தமிழருடன் ஒரு படகு ஒதுங்கியது. அதிகாரிகள் இறங்கவிட மறுத்தனர். இறங்கிய பெண்களை அச்சுறுத்த வானை நோக்கிச் சுட்டனர். சில நாள் இழுபறிக்குப் பிறகே தரையில் கால்வைக்க இசைந்தனர். ஆச்சேயின் வழக்காறு அந்த ஓராண்டில் மாறிவிடவில்லை. இம்முறை கரையில் நின்று முடிவெடுத்தவர்கள் மீனவர்கள் அல்லர்.